விரைவும் வரையறையும்: படைத்துறைச் சிறுசெய்மதிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலின் அரசியலிலே வைத்தார். படைமாட்சியும் படைச்செருக்கும் அதற்கு நெடுந்தூரம் பின்னர் வேறாக வைக்கப்பட்டன. மாற்றான் நிலையை மறைவாக அறியுஞ் செயல் அரசனுக்குரிய கருவியாகக் கொள்ளப்பட்டதேயன்றிக் களத்தில் நிற்கும் படைஞனுக்குரியதாகக் கொள்ளப்படவில்லை என்பதை இவ்வைப்புமுறை புலப்படுத்தும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வானிலிருந்து வேவு பார்க்கும் செய்மதி தோன்றியபோதும் இம்முறையே நிலவியது. செய்மதி தலைநகரின் கண்ணாக இருந்தது. அது கண்டதை அரசுத் தலைவரும் அவரைச் சூழ்ந்த மிகச் சிலருமே அறிந்தனர். இற்றைக்கு அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. களத்தில் நிற்கும் படைப்பிரிவொன்று தனக்கு வேண்டிய படத்தையும் செய்தியையும் செய்மதியிடமிருந்து நேரே பெறத்தக்க காலம் வந்துள்ளது. இம்மாற்றத்தைக் கொணர்ந்த கருவிகளுள் தலையாயது, குறுகிய காலத்திற் கட்டி ஏவப்படும் சிறுசெய்மதி ஆகும். அதன் வரலாற்றைப் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தைக் கொண்டும், ஒப்புநோக்குக்காகச் சோவியத்து நாட்டினதும் பிரித்தானியாவினதும் அனுபவங்களைக் கொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்ககால விரைவு

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி சோவியத்து நாடு முதலாவது ஸ்பூட்னிக்கை ஏவியது. அதன் அதிர்ச்சி அமெரிக்காவைப் பற்றியிருந்த காலத்திலே, செய்மதி ஒன்றை அமைப்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும் என எவரும் எண்ணவில்லை. எண்ணுதற்கு அவகாசமும் இருக்கவில்லை. 1958 டிசெம்பர் 18ஆந் திகதி ஏவப்பட்ட 'ஸ்கோர்' என்னும் செய்மதி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அமெரிக்கத் தரைப்படையின் சமிக்ஞைப் பிரிவினர் அதன் தொடர்பாடற் கருவிகளை ஏறத்தாழ ஆறு மாதங்களில் அமைத்து முடித்தனர். ஒலிப்பதிவு நாடாக் கருவிகள் இரண்டு அதில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று பழுதடைய, மற்றையது இயங்கிச் சனாதிபதி ஐசன்ஹோவரின் நத்தார் வாழ்த்துச் செய்தியை விண்ணிலிருந்து ஒலிபரப்பியது. மின்கலவடுக்குகள் இரு வாரங்களுக்குள் ஓய்ந்தன. எனினும் செய்மதியின் வாயிலாகச் செய்தியை ஏற்றிவைத்துப் பிறிதோரிடத்தில் இறக்கிக்கொள்ளலாம் என்னும் உண்மை நிலைநாட்டப்பட்டுவிட்டது.

இதனினும் சிறப்பானது, அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தின் 'கிராப்' என்னும் செய்மதியின் கதை. 1958ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பென்சில்வேனியா மாநிலத்தில் வீசிய பனிப்புயலொன்றால் உணவுச்சாலையொன்றிலே தங்க நேர்ந்த றீட் மேயோ என்னும் பொறியியலாளர், மேசைமீதிருந்த உணவுத்தட்டு விரிப்பின் பின்புறத்திற் சில கணக்குகளைப் போட்டுப் பார்த்தார். நீர்மூழ்கிக் கப்பலின் பரிநோக்கியிற் பொருத்துதற்கென அமைக்கப்பட்டிருந்த றேடார் அலைவாங்கியைச் செய்மதியில் வைத்தால், சோவியத்து நாட்டின் உட்பகுதியிலுள்ள றேடார் நிலையங்களின் அலைகளை விண்ணிலேயே பிடிக்கலாம் என்பது அவர் கண்ட முடிபாகும். 1960 யூன் 22ஆந் திகதி அது செயலாயிற்று. ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர் விட்டமும் 19 கிலோகிராம் நிறையுமுள்ள அவ்வுருண்டை, 'ட்ரான்சிற்' என்னும் கடற்படை வழிகாட்டுஞ் செய்மதியின் மேலேறி ஒரே றொக்கற்றில் விண்ணுக்குச் சென்றது. ஞாயிற்றின் கதிர்களை அளக்கும் அறிவியற் கருவி என்றே அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்கருவியும் அதனுள் உண்மையாகவே இருந்தது. மறைபணியோ 1998ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்தப்பட்டது.

கிராப் செய்த வேலை மிக எளியது. தன்மீது பட்ட றேடார் அலையை வேறோர் அலைவரிசையில் அப்படியே கீழே அனுப்புவது மட்டுமே அதன் தொழில். பதிவு செய்தலும் பகுத்தறிதலும் தரையிலிருந்தோரின் பணிகளாயின. விண்ணிற் செய்ய வேண்டியதைக் குறைத்தமையாலேயே செய்மதி சிறிதாயிற்று. சிறிதானமையாலேயே விரைவில் முடிந்தது. ஆனால், அதன் பயன்பாடு விரைவானதாக இருக்கவில்லை. 1960 மே 1ஆந் திகதி யூ-2 விமானம் சோவியத்து மண்ணில் வீழ்த்தப்பட்ட பின்னர் நிலவிய பதற்றத்தினால், கிராப்பை இயக்குதற்கு ஐசன்ஹோவரின் ஒப்புதல் வேண்டியதாயிற்று. சிறுசெய்மதியின் முதற் கட்டத்திலே கருவி படையினருடையதாயினும் அதனை ஆளும் அதிகாரம் நாட்டின் தலைவரிடமே இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பத்து மாதத்தில் ஒரு செய்மதி

1960 ஓகஸ்டு மாதத்தில் 'கொரோனா' திட்டத்தின் செய்மதியொன்று எடுத்த படச்சுருள், பாரசூட்டிலே தொங்கி இறங்குகையில் விமானத்தினால் வானிலேயே பற்றிக்கொள்ளப்பட்டது. அந்த ஒரு சுருளில் அடங்கிய சோவியத்து நிலப்பரப்பு, யூ-2 விமானங்கள் அதுவரை எடுத்தவை யாவற்றிலும் மிகுதியானது. ஆயினும் பெருங்குறை ஒன்று விரைவிற் புலனாயிற்று. விலைமதிப்புள்ள படச்சுருள்களின் பெரும்பகுதியில் முகில்களே காணப்பட்டன. எங்கே வானம் தெளிந்திருக்கும் என்பதை முன்னரே அறிந்தாலன்றிக் கமராவை இயக்குவதிற் பயனில்லை.

இத்தேவையிலிருந்து பிறந்ததே பிற்காலத்தில் 'பாதுகாப்பு வானிலைச் செய்மதித் திட்டம்' எனப் பெயர்பெற்ற முயற்சியாகும். 1961ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இப்பணி விமானப்படை அதிகாரியான தோமஸ் ஹெய்க் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மேற்கொண்ட நிபந்தனைகளே ஈண்டு நோக்கத்தக்கவை. விலையும் ஒப்படைக்கும் நாளும் முன்னரே அறுதியிடப்பட்ட ஒப்பந்தம் வேண்டும் என்றார். பணிக்குழு மிகச் சிறியதாக இருத்தல் வேண்டும் என்றார். மேற்பார்வைக்கெனத் தனியான நிறுவனமொன்றை இடையிற் புகுத்துதல் வேண்டா என்றார். இவ்வாறு அமைந்த செய்மதி ஏறத்தாழ 45 கிலோகிராம் நிறையுடையது. தன்னைத்தானே சுழன்று நிலைபெறுவதாகிய அது, 'ஸ்கவுட்' என்னும் சிறிய றொக்கற்றில் ஏறத்தக்கதாயிருந்தது. பத்து மாதத்திற்குள் முதலாவது செய்மதி ஏவுதளத்தை அடைந்தது. 1962 மே 23ஆந் திகதி நிகழ்ந்த முதல் ஏவல் றொக்கற்றின் பழுதினாற் கெட்டது. ஓகஸ்டு 23ஆந் திகதி நிகழ்ந்த இரண்டாவது ஏவல் வெற்றியளித்தது.

இரண்டு மாதங்கள் கழிந்து கியூபா ஏவுகணை நெருக்கடி எழுந்தது. கரிபியன் கடற்பரப்பின் முகில்நிலையை அறிந்து வேவு விமானங்களை அனுப்புதற்கு இச்சிறு செய்மதி உதவிற்று. 1965ஆம் ஆண்டு முதல், வியற்நாமிற் போர்புரிந்த அமெரிக்க வான்படையினர் சைகோனருகே அமைக்கப்பட்ட நிலையத்தில் அதன் படங்களை நேராகவே பெறலாயினர். அங்கு 7ஆவது வான்படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் வில்லியம் மோமியர், அப்போர் தந்த மிக முக்கியமான புதுமைகளுள் ஒன்றாக இதனை மதித்தார். தலைநகருக்கென அமைந்த கண் களத்திலிருந்தோருக்கு முதன்முதலாக நேரே பயன்பட்டது இங்கேதான் எனலாம். மறைவாயிருந்த இத்திட்டம் 1973ஆம் ஆண்டு வெளிப்படுத்தப்பட்டபின் அதன் தரவுகள் அறிவியலாளருக்கும் கிடைக்கலாயின.

பெருஞ்செய்மதிகளின் காலம்

வெற்றி பெற்ற கருவியிடம் மேலும் மேலும் வேண்டுவது மனித இயல்பு. இன்னுந் தெளிவான படம், இன்னும் நீண்ட ஆயுள், ஒரே செய்மதியிற் பல பணிகள் என வேண்டுகோள்கள் பெருகப் பெருகச் செய்மதிகளும் பருத்தன. 1971 யூன் மாதம் முதன்முதலாக ஏவப்பட்ட 'ஹெக்சகன்' வேவுச்செய்மதி பதினொரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையது. 1976 டிசெம்பரிலே ஏவப்பட்ட 'கேஎச்-11' படச்சுருளைக் கைவிட்டு, இலத்திரனியல் முறையிற் படங்களை உடனுக்குடன் அனுப்பியது. இவை பொறியியலின் அருஞ்சாதனைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால், இவற்றோடு ஒரு தீய வட்டமும் உருவாயிற்று. செய்மதியின் விலை ஏற ஏற அது பழுதடைதல் கூடாது என்னும் அச்சம் மிகுந்தது. அச்சம் மிகச் சோதனைகள் பெருகின. சோதனைகள் பெருகக் காலமும் விலையும் மேலும் ஏறின. பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே புதிய செய்மதி எழும் என்ற நிலையில், ஒவ்வொரு திணைக்களமும் தன் கருவியையும் அதனுள் ஏற்றிவிட முயன்றது இயல்பே.

சோவியத்து நாடு வேறு வழியிற் சென்றது. அதன் 'செனித்' வேவுச்செய்மதிகள் நிறையிற் பெரியவையாயினும் ஆயுளிற் குறுகியவை. ஒரே வடிவத்திற் பெருந்தொகையாக அமைக்கப்பட்டமையால் வேண்டியபோது அடுத்தடுத்து ஏவத்தக்கவையாயிருந்தன. 1973 ஒக்டோபரில் அரபு–இசுரேற் போர் மூண்டபோது, அம்மாதத்திலேயே இத்தகைய வேவுச்செய்மதிகள் பல ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. செய்தித் தொடர்பிலோ அந்நாடு உண்மையாகவே சிறியனவற்றை நாடிற்று. ஏறத்தாழ 60 கிலோகிராம் நிறையுடைய 'ஸ்ட்ரேலா' வகைச் செய்மதிகள் 1970ஆம் ஆண்டு முதல் எட்டெட்டாக ஒரே றொக்கற்றில் ஏவப்பட்டன. தாழ்ந்த ஒழுக்கிற் செல்லும் செய்மதி புவியை ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் ஒருமுறை சுற்றிவரும். ஓரிடத்திலிருந்து பார்ப்போருக்கு அது தோன்றி மறைவது சில நிமிடங்களே. எனவே, தாழ்ந்த ஒழுக்கில் ஒன்றால் ஆகாதது பலவற்றால் ஆகும் என்பதைச் சோவியத்துப் பொறியியலாளர் முன்னரே உணர்ந்து செயற்பட்டனர்.

சிறியதன் மீள்வருகை

அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சிறுசெய்மதி மரபு அற்றுப்போகாமற் காத்தவர்கள் படையினரல்லர். பொழுதுபோக்கு வானொலியாளரும் பல்கலைக்கழகத்தாருமே. 1961 டிசெம்பர் 12ஆந் திகதி, கொரோனா வேவுச்செய்மதியொன்றை ஏவிய றொக்கற்றில் எடைச்சமனுக்கென வைக்கப்படும் உலோகத்துக்குப் பதிலாக, வானொலி ஆர்வலர்கள் அமைத்த ஏறத்தாழ நான்கரைக் கிலோகிராம் நிறையுள்ள 'ஒஸ்கார்-1' இடம்பெற்றது. அம்மரபின் வழிவந்த சரே பல்கலைக்கழகத்தினர் 1981இல் 'யூஓசற்-1' என்னும் செய்மதியை அமைத்தனர். அதன் பின்வந்த 'யூஓசற்-2' ஏறத்தாழ ஆறு மாதங்களில் முடிக்கப்பட்டு 1984 மார்ச்சு 1ஆந் திகதி ஏவப்பட்டது. கடைகளிற் கிடைக்கும் இலத்திரனியற் கூறுகளைக் கொண்டே விண்ணில் நின்று பயன்தரும் கருவியை ஆக்கலாம் என அவர்கள் காட்டினர்.

இப்படிப்பினை படைத்துறையினரின் செவிக்கும் எட்டியது. 1980களிலே அமெரிக்கப் பாதுகாப்பு உயர்நிலை ஆய்வுத்திட்ட முகவரகம் சிறுசெய்மதி முயற்சியை மீளத் தொடங்கிற்று. 1985ஆம் ஆண்டின் இறுதியில் 'சலஞ்சர்' விண்ணோடத்திலிருந்து 'குளோமர்' என்னும் சிறிய செய்திச்செய்மதி விடுவிக்கப்பட்டது. 1990 மே மாதத்தில் 'மக்சற்' எனப்பட்ட இரட்டைச் செய்மதிகள் ஸ்கவுட் றொக்கற்றில் எழுந்தன. இவை செய்தியை ஓரிடத்திற் பெற்றுச் சேமித்துப் பிறிதோரிடத்தின்மீது செல்லுகையில் இறக்கிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்கோர் செய்த அதே தொழில். அடுத்த சில மாதங்களில் வளைகுடாப் போர் மூண்டது. பெரிய செய்தித்தொடர்பு அமைப்புகள் நெருக்கடியில் திணறியபோது, அமெரிக்க மரைன் படையினர் தம் வழங்கல் தேவைகளை அறிவிக்க மக்சற்றைப் பயன்படுத்தினர். மறுபுறத்தில், பெருஞ்செய்மதிகள் எடுத்த படங்கள் களத்திலிருந்த படைப்பிரிவுகளுக்குக் காலந்தாழ்த்தியே கிடைத்தன என்னும் குறைபாடு, போருக்குப் பிந்திய மதிப்பீடுகளிலே வெளிப்பட்டது.

ஆயினும் சிறியன யாவும் வெற்றி பெற்றன என்று கொள்ளுதல் தவறாகும். ஒவ்வொன்றும் 22 கிலோகிராம் நிறையுடைய ஏழு நுண்செய்மதிகள் 1991 யூலை 17ஆந் திகதி 'பெகசஸ்' றொக்கற்றில் ஏவப்பட்டபோது, போர் முடிந்து சில மாதங்களாகியிருந்தன. றொக்கற்றின் கோளாறினால் அவை எண்ணியதிலும் தாழ்ந்த ஒழுக்கை அடைந்து, ஏறத்தாழ ஆறு மாதங்களில் எரிந்தொழிந்தன.

ஏவப்படாத செய்மதி

2003ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் படை உருமாற்ற அலுவலகம், ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஆதர் செப்ரோவ்ஸ்கியின் தலைமையிலே 'டக்சற்' என்னும் வரிசையைத் தொடங்கிற்று. களத் தளபதியே தனக்கு வேண்டியதைச் செய்மதியிடம் படைத்துறைக் கணனி வலையமைப்பின் ஊடாகக் கேட்டுப் பெறல் வேண்டும்; செய்மதியோ ஏறத்தாழ ஓராண்டில் ஆயத்தமாதல் வேண்டும் என்பன அதன் அடிப்படைகள். கிராப்பை அமைத்த அதே கடற்படை ஆய்வுகூடம் டக்சற்-1ஐக் குறித்தவாறே ஓராண்டளவில் முடித்தது.

ஆனால், அது எழுதற்கிருந்த 'பல்கன்-1' என்னும் புதிய றொக்கற் ஆயத்தமாகவில்லை. 2006 மார்ச்சில் நிகழ்ந்த அதன் முதல் ஏவலே தோல்வியுற்றது. முதல் வெற்றி 2008 செப்தெம்பரிலேயே கிட்டியது. இதற்கிடையில் டக்சற்-2, 2006 டிசெம்பர் 16ஆந் திகதி வேறொரு றொக்கற்றிற் சென்று ஒத்த கருவிகளைச் சோதித்து முடித்துவிட்டமையால், 2007ஆம் ஆண்டில் டக்சற்-1 கைவிடப்பட்டது. ஓராண்டில் ஆயத்தமான செய்மதி மூன்றாண்டு காத்திருந்து விண்ணைக் காணாமலே முடிந்தது. படைத்துறைச் சிறுசெய்மதி வரலாற்றின் மிகத் தெளிவான படிப்பினை இதுவே. செய்மதி, றொக்கற், தரைநிலையம், கட்டளைமுறை ஆகிய நான்கும் ஒரு தொடரின் கண்ணிகள். மிகத் தாமதமான கண்ணியின் வேகமே தொடர் முழுவதன் வேகமுமாகும்.

டக்சற்-2ஐ ஏற்றிச்சென்ற 'மினோடோர்-1' றொக்கற்றின் கீழ் அடுக்குகள், ஓய்வுகொடுக்கப்பட்ட 'மினிற்மன்' அணுவாயுத ஏவுகணைகளிலிருந்து பெறப்பட்டவை. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் ஆதரவில் அமைந்து, ஏறத்தாழ இரண்டரை மீற்றர் அளவினவற்றை வேறுபிரித்துக் காட்டவல்ல 'டொப்சற்' என்னும் சிறுசெய்மதியும், 2005 ஒக்டோபர் 27ஆந் திகதி சோவியத்துக் காலத்து வடிவமைப்பான கொஸ்மொஸ் றொக்கற்றிலேயே ருசியாவிலிருந்து எழுந்தது. ஸ்ட்ரேலாக்களை எட்டெட்டாகச் சுமந்த றொக்கற்றின் வழிவந்ததே அது. பழைய பகைமை விட்டுச்சென்ற கருவிகளே புதிய முயற்சிக்கு ஊர்தியாயின.

2007 மே மாதத்தில் விரைந்து துலங்கும் விண்வெளிப் பணிக்கென்று தனி அலுவலகமொன்று நிறுவப்பட்டது. அதன் 'ஓஆர்எஸ்-1', மத்திய கிழக்கிற் போர்புரிந்த அமெரிக்கப் படைகளின் நேரடித் தேவைக்கென ஏறத்தாழ இரண்டரை ஆண்டில் அமைக்கப்பட்டு, 2011 யூன் 29ஆந் திகதி ஏவப்பட்டது. பெருஞ்செய்மதிகளோடு ஒப்பிடின் இது விரைவே. 1962இன் பத்து மாதத்தோடு ஒப்பிடின் தாமதமே. பொறியியல் அரைநூற்றாண்டு முன்னேறிய பின்னரும் காலம் நீண்டமைக்குக் காரணம் கருவியின் அளவு மட்டுமன்று. ஒரு கேள்வியை மட்டுங் கேட்டு அதற்குரிய விடையோடு அமைந்துவிடும் மனத்திட்பமும் அரிதாகிவிட்டது. முகில் எங்கே உளது என்னும் ஒரு வினாவுக்கு மட்டும் ஹெய்க்கின் செய்மதி விடைசொல்லிற்று.

இருபத்தேழு மணித்தியாலம்

2023 செப்தெம்பர் 14ஆந் திகதி 'விக்டஸ் நொக்ஸ்' என்னும் பணியில், கட்டளை கிடைத்து 27 மணித்தியாலங்களில் அமெரிக்க விண்வெளிப்படையின் சிறுசெய்மதியொன்று கலிபோர்ணியாவிலிருந்து ஏவப்பட்டது. எழுந்து 37 மணித்தியாலங்களில் அது பணிக்கு ஆயத்தமாயிற்று. இங்கே செய்மதியும் றொக்கற்றும் முன்னரே அமைக்கப்பட்டுக் கட்டளையை நோக்கிக் காத்திருந்தன. டக்சற்-1 புகட்டிய பாடம் கற்கப்பட்டது என்றே கொள்ளலாம்.

இவ்விரைவுக்கான தேவை கற்பனையன்று. 2007 சனவரி 11ஆந் திகதி சீனா தன் பழைய வானிலைச் செய்மதியொன்றை ஏவுகணையால் உடைத்தது. கண்காணிக்கத்தக்க துண்டுகள் மட்டும் மூவாயிரத்துக்கு மேல் ஒழுக்கிற் சிதறின. 2021 நவெம்பரில் ருசியாவும் இத்தகைய செயலைப் புரிந்தது. சில பெருஞ்செய்மதிகளை மட்டும் நம்பியிருக்கும் படை, அவற்றை இழந்தவுடன் குருடாகும் என்னும் அச்சமே சிறியனவும் பலவுமானவற்றை நோக்கி அரசுகளை உந்துகின்றது. 2022 பெப்ரவரி 24ஆந் திகதி ருசியப் படையெடுப்புத் தொடங்கிய வேளையில், உக்ரேன் பயன்படுத்திய செய்மதி இணைப்பொன்று கணனித் தாக்குதலால் முடக்கப்பட்டது. சில நாட்களிலேயே தனியார் நிறுவனமொன்றின் சிறுசெய்மதித் தொகுதியாகிய 'ஸ்ரார்லிங்' அதன் இடத்தை நிரப்பத் தொடங்கிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில், உக்ரேனிய அறக்கட்டளையொன்று பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடையைக் கொண்டு றேடார்ச் சிறுசெய்மதியொன்றின் பயன்பாட்டைத் தன் நாட்டுப் படைக்கென வாங்கிற்று. வல்லரசுத் தலைவர் ஒருவரின் ஒப்புதலோடு இயங்கிய கருவி, அறுபது ஆண்டுகளில் நன்கொடைப் பணத்தில் வாங்கத்தக்கதாயிற்று.

முடிவுரை

இவ்வரலாறு இரு உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, விரைவுக்குத் தாய் வரையறையே என்பதாகும். கேட்பதைக் குறைத்தபோதெல்லாம் செய்மதி விரைந்து எழுந்தது. வேண்டுகோள்கள் பெருகியபோதெல்லாம் அது பருத்துத் தாமதமாயிற்று.

இரண்டாவது உண்மை இதனினும் ஆழ்ந்த சிந்தனைக்குரியது. தலைநகரின் கண்ணாக இருந்த காலத்திற் செய்மதி ஓரளவு அமைதியையும் காத்தது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவும் சோவியத்து நாடும் படைக்கலக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைகளைச் செய்தபோது, உடன்படிக்கை பேணப்படுவதை ஒருவர்மீது ஒருவர் கண்காணிக்கும் நாட்டுக்குரிய தொழினுட்ப வழிகளுக்கு இடையூறு விளைப்பதில்லை என ஏற்றுக்கொண்டன. மாற்றானின் கண்ணைக் குத்தாதிருத்தல் இருவர்க்கும் நலம் என அவர்கள் கண்டனர். போர்க்களத்தின் கண்ணாகிய சிறுசெய்மதிக்கு இத்தகைய காப்பு ஏதுமில்லை. பீரங்கிக்கு இலக்குக் காட்டும் கண்ணைப் பகைவன் பீரங்கியின் ஓர் உறுப்பாகவே கருதுவான். 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை அணுவாயுதங்களை ஒழுக்கில் வைத்தலைத் தடுக்கின்றதேயன்றி, இத்தகைய செய்மதிகளின் பயன்பாட்டையோ அவற்றை உடைத்தலையோ வெளிப்படையாக வரையறுக்கவில்லை. உடைபட்ட துண்டுகளோ நாடும் கொடியும் பாராது எல்லோருடைய வானத்திலும் சுழல்கின்றன. வானிலை சொல்லும் செய்மதியும் மீனவனுக்கு வழிகாட்டும் செய்மதியும் அவற்றுக்கு அஞ்சியே செல்ல வேண்டியுள்ளன.

ஒற்றாடலை அரசியலிலே வைத்த பழைய வைப்புமுறையின் பொருத்தம் இங்கே மீண்டும் புலனாகின்றது. ஒற்றன் கொணர்ந்த செய்திக்கும் படையின் செயலுக்கும் இடையிலே அரசனின் ஆராய்ச்சி நின்றது. அவ்விடைவெளி சிந்தித்தற்கு உரியதாயிருந்தது. அது 1960இல் ஐசன்ஹோவரின் ஒப்புதலுக்குக் காத்திருந்த காலமாகவும் இருந்தது. இன்று அது நிமிடங்களாகச் சுருங்கியுள்ளது. செய்மதியை விரைந்து கட்டும் கலையில் வரையறையின் அருமையை உணர்ந்த நாடுகள், அதனைப் பயன்படுத்தும் முறையிலும் வரையறையொன்றைக் காணுதல் வேண்டும். முதலாவதைக் கற்பதற்கு அரைநூற்றாண்டுக்கு மேல் சென்றது. இரண்டாவதற்கு அத்துணைக் காலம் கிடைக்கும் என எண்ணுதற்கு இடமில்லை.